அக்டோபரில் பார்த்த வெந்நீர்

ஷார்ஜாவில் ரோலா கடைத்தெருவுக்குப் பக்கத்தில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தை இடிக்கப்போவதாக நோட்டீஸ் ஒட்டியபோது என் மனைவிக்கு முப்பத்தொரு வயது. முடக்குவாதம் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பகலில் பார்க்கிறவர்களுக்கு எதுவும் தெரியாது. காலையில்தான் தெரியும். தூங்கி எழும்போது பத்து விரலும் உள்ளே மடங்கி இறுகிப்போயிருக்கும். போர்வையைத் தள்ள முடியாது, முகத்தில் விழுந்த முடியை ஒதுக்க முடியாது. நான் தோளைப் பிடித்து உட்காரவைப்பேன். பிறகு குளியலறையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, வாளி வெந்நீரில் இரண்டு கைகளையும் முழங்கை வரைக்கும் வைத்திருப்பாள். ஆற ஆறக் குழாயைத் திறந்து சூடு சேர்த்துக்கொள்வாள். அரை மணி நேரத்தில் விரல்கள் ஒவ்வொன்றாக விரியும். அதற்குப் பிறகு அவள் கை கால் முகம் கழுவி ஒளு செய்வாள், தொழுவாள், எனக்குத் தேநீர் போடுவாள். மாத்திரைகளைவிட அந்த வாளியைத்தான் நம்பியிருந்தோம்.

நான் துபாயில் ஒரு கார்கோ அலுவலகத்தில் கிளார்க். காலை ஐந்தரைக்குக் கம்பெனி வேன் வந்துவிடும். போக்குவரத்து நெரிசலில் ஊர்ந்து திரும்பி வரும்போது இரவு எட்டாகும். வீடு தேடுவதற்கு எனக்கு வெள்ளிக்கிழமைகள் மட்டும்தான் இருந்தன.

அக்டோபர் தொடக்கத்தில், ஜும்ஆத் தொழுகை முடிந்து ஒரு வீட்டைப் பார்க்கக் கிளம்பினேன். படி ஏறினால் அவளுக்கு முட்டி வலிக்கும் என்பதால் அவள் வரவில்லை. வாசலில் நின்று சொன்னாள்.

"வேற எது எப்படி இருந்தாலும் பரவாயில்ல மச்சான். ஹீட்டரப் போட்டு, தண்ணி சூடாகுதான்னு மட்டும் பாத்துட்டு வாங்க."

வீடு காட்ட வந்த ரியல் எஸ்டேட் ஆள் அவசரத்தில் இருந்தான். இன்னும் இரண்டு குடும்பங்கள் சாயங்காலம் பார்க்க வருகின்றன என்றான். குளியலறையில் குழாயைத் திறந்து கை வைத்தேன். சுட்டது. போதும் என்று மூடிவிட்டேன். ஹீட்டர் சுவிட்சைத் தொடவே இல்லை.

வளைகுடாவில் ஒரு கோடையைக் கழித்தவனுக்குக்கூடத் தெரியும், மொட்டை மாடித் தொட்டியில் வெயிலில் காய்ந்து வருகிற தண்ணீர் அக்டோபரில் தானாகவே சுடும் என்று. கோடையில் நாங்களே ஹீட்டரை அணைத்து வைத்து, அதன் டேங்குக்குள் நிழலில் கிடந்து ஆறிய தண்ணீரில்தான் குளிப்போம். எனக்கும் தெரியும். ஆனால் ஆறு வெள்ளிக்கிழமைகள் அலைந்திருந்தேன், அந்த வீட்டில் லிஃப்ட் ஓடியது, வேன் நிற்கும் இடம் பக்கத்திலேயே இருந்தது. அந்த வீடு கிடைத்துவிட வேண்டும் என்பதைத் தவிர வேறொன்றும் மனதில் இல்லை. திரும்பி வந்ததும் அவள் கேட்டாள். போட்டுப் பார்த்தேன், நன்றாக வேலை செய்கிறது என்று சொன்னேன்.

வீட்டுக்குப் பெயின்ட் அடித்து டிசம்பர் கடைசியில் சாவி கொடுத்தார்கள். சாமான்களை ஒரு பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு ஒரு வெள்ளிக்கிழமை குடிபோனோம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. அந்த வருடம் குளிர் கொஞ்சம் அதிகம். தூங்கப் போகும்முன் அவள் ஹீட்டர் சுவிட்சைப் போட்டாள், சிவப்பு விளக்கு எரிந்தது.

காலையில் குழாயைத் திறந்தால் பச்சைத் தண்ணீர். சுவிட்சில் விளக்கு இல்லை. வாசலுக்குப் பக்கத்திலிருந்த மின்சாரப் பெட்டியில் ஹீட்டருக்கான பிரேக்கர் கீழே விழுந்திருந்தது. தூக்கிவிட்டேன், உடனே விழுந்தது. மறுபடி தூக்கினேன், மறுபடி விழுந்தது. அவள் மடங்கிய கைகளை வயிற்றோடு சேர்த்துவைத்துக்கொண்டு குளியலறை வாசலில் நின்றிருந்தாள். கீழே போய் வாட்ச்மேனைக் கூட்டிவந்தேன். பங்களாதேஷ்காரர், வயதானவர். குளியலறைக் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "பஹூத் புரானா ஹை பாய், கராப்," என்றார், ரொம்பப் பழசு, கெட்டுப்போனது என்று. முன்னால் இருந்தவர்கள் பேச்சுலர்கள் என்றும், போன குளிர்காலம் முழுக்க அவர்கள் பச்சைத் தண்ணீரில்தான் குளித்தார்கள் என்றும் சொன்னார்.

ரியல் எஸ்டேட் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். நாளைக்கு ஆள் வரும் என்றார்கள். மறுநாளும் அதையே சொன்னார்கள். நான்காம் நாள், ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள், வீட்டுக்குள் இருக்கும் ரிப்பேர் எல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு, மற்றதைப் பெருநாள் விடுமுறை கழிந்து பேசலாம் என்றார்கள். ஒப்பந்தம் அரபியில் இருந்தது. நான் கையெழுத்து மட்டும் போட்டிருந்தேன்.

அந்த நாட்களில் நான்கு மணிக்கே எழுந்து அடுப்பில் இரண்டு பானைகளில் தண்ணீர் வைப்பேன். வாளியில் விளாவி அவள் கையை வைத்துவிட்டு, ஆற ஆற ஊற்றுவேன். ஆனால் சூடு ஒரே அளவில் நிற்காததால், விரல்கள் விரிவதற்குள் வேன் வந்து ஹாரன் அடிக்கும். பாதி விரிந்த கைகளோடு அவளை விட்டுவிட்டு ஓடுவேன். தண்ணீரில் போடும் ஹீட்டர் ராடு ஒன்று வாங்கிவிடலாம் என்று நினைத்தேன். நான் இல்லாத நேரத்தில், அதை அணைக்காமலே தண்ணீரில் கையை விட்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் வாங்கவில்லை. ஒருநாள் விடிகாலை சுபுஹுத் தொழுகைக்குப் பச்சைத் தண்ணீரில் ஒளு செய்யப் பார்த்து, வலி தாங்காமல் சுவரில் சாய்ந்துவிட்டாள். உனக்குத் தயம்மும் போதும், தண்ணீர் வேண்டாம் என்றேன். தண்ணீர் ஓடுகிற வீட்டில் மண்ணைத் தொட்டுத் தொழ வேண்டியிருக்கிறதே என்று அழுதாள்.

எட்டாம் நாள் சாயங்காலம், விடுமுறைக்கு முந்தைய நாள் என்பதால் சீக்கிரமே விட்டுவிட்டார்கள். வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்தால் சமையலறைத் தரை முழுக்க ஈரம். பானை ஒரு மூலையில் கிடந்தது. அவள் குளியலறைத் தரையில் உட்கார்ந்து, வலது காலை வாளிக்குள் விட்டிருந்தாள். நான் போன பிறகு, இன்னொரு பானை தண்ணீரை அவளே இறக்கப் பார்த்திருக்கிறாள். கைப்பிடி விரல்களுக்குள் நிற்கவில்லை. பாதத்தின் மேல்பக்கம் முழுக்கக் கொப்புளம்.

எத்தனை மணிக்கு நடந்தது என்று கேட்டேன். காலையில் என்றாள். ஏன் போன் செய்யவில்லை என்றதற்குக் கையைத் தூக்கிக் காட்டினாள். மொபைலின் பட்டன்களை அந்த விரல்களால் அழுத்த முடியவில்லை. மதியத்துக்குப் பிறகு முடிந்திருக்கும், ஆனால் அதற்குள் போன் செய்யும் ஆசையே போய்விட்டது என்றாள்.

கிளினிக்கில் கட்டுப்போட்டுக் கூட்டிவந்தேன். கட்டிலில் உட்காரவைத்தபோது அவள் மெதுவாகத்தான் கேட்டாள்.

"அன்னைக்கு நீங்க ஹீட்டரப் போட்டுப் பாத்தீங்களா?"

நான் கட்டிலடியில் தரையில் உட்கார்ந்தேன்.

"இல்ல," என்றேன். "குழாயத் தொறந்தேன். சுட்டுச்சு. அது வெயில்ல காஞ்ச தண்ணி."

அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். கட்டுப்போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னைய ஊருக்கு அனுப்பிடுங்க மச்சான்."

மறுநாள் அரஃபா நாள், பெருநாளுக்கு முந்தைய தினம். நான் நோன்பு வைத்திருந்தேன். ஒரு ஹீட்டரை மாட்டிவிட்டால் அவள் போகமாட்டாள் என்று எனக்குள் ஒரு கணக்கு. அது எவ்வளவு மூடத்தனம் என்று இப்போது தெரிகிறது, அன்றைக்கு அதைத் தவிரப் பிடித்துக்கொள்ள வேறெதுவும் இல்லை. அலுவலகத்தில் கூட வேலை செய்பவர் மூலம் ஒரு பிளம்பரின் நம்பர் கிடைத்தது. அரியலூர்ப் பக்கத்துக்காரர், ஒரு மெயின்டனன்ஸ் கம்பெனியில் வேலை, லேபர் கேம்ப்பில் தங்கியிருந்தார். லீவு நாளில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர், விஷயத்தைக் கேட்டுவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்தார்.

குளியலறையின் ஃபால்ஸ் சீலிங்கில் ஒரு மூடி இருந்தது. அதைத் திறந்து தலையை உள்ளே விட்டவர் உடனே இறங்கிவிட்டார். ஹீட்டரின் அடிப்பக்கம் துருவேறிக் கசிந்துகொண்டிருந்தது. அதைவிட மோசமாக, எர்த் ஒயரே இல்லை. "பிரேக்கர் விழுந்ததுக்கு நன்றி சொல்லுங்க பாய்," என்றார். "அது மட்டும் விழாம இருந்திருந்தா, அக்கா தண்ணியில கை வச்ச எடத்துல என்ன ஆயிருக்கும்னு சொல்ல முடியாது."

அந்தப் பிரேக்கரை நான் எத்தனை தடவை தூக்கிவிட்டிருப்பேன்.

புதிதாக எதை வாங்குவது என்று பேசினோம். கடைகளில் இன்ஸ்டன்ட் கீசர் வந்திருந்தது. டேங்க் கிடையாது, திறந்ததும் சூடாக வரும். எனக்கு அதுதான் வேண்டும் என்றேன், இனி அவள் ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்கக் கூடாது. அவர் ஒயரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இது அவ்வளவு கரன்ட் தாங்காது, சுவருக்குள்ளேயே எரிந்துவிடும் என்றார். டேங்க் உள்ளதுதான் சரி. அதிலும் நின்றவாக்கில் மாட்டுகிற வகை இங்கே நுழையாது, படுக்கைவாக்கில் மாட்டுகிற ஐம்பது லிட்டர்தான் வேண்டும். நிற்கிற வகையைப் படுக்கப்போட்டு மாட்டினால் சூடாக்கும் காயில் கம்பி தண்ணீருக்கு வெளியே நின்று எரிந்துபோகும். டேப்பால் அளந்து சிகரெட் அட்டையில் எழுதிக் கொடுத்தார். இந்த அளவை மீறினால் தூக்கிக்கொண்டு வரவேண்டாம் என்றார்.

விடிந்தால் பெருநாள். ரோலா முழுக்க ஜனம், துணிக்கடைகளிலும் மிட்டாய்க் கடைகளிலும் நுழைய இடமில்லை. ஹார்டுவேர் கடைகள்தான் பாதி மூடியிருந்தன. முதல் கடையில் நின்றவாக்கில் மாட்டுவது மட்டும். இரண்டாவதில் எண்பது லிட்டர். மூன்றாவது கடைக்காரர், எதையாவது வாங்கி எப்படியாவது மாட்டுங்கள் என்றார். நாவு வறண்டு கடை கடையாக ஏறி இறங்கினேன். கடைசியில் ஒரு மலையாளி பாதி ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார். ஸ்டாக் இல்லை என்றார். கண்ணாடிக்குப் பின்னால் ஒன்று தெரிந்தது. அது காட்சிக்கு வைத்தது, விற்க முடியாது என்றார். நான் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். என் மனைவியின் கைகளைப் பற்றி அதுவரை வெளியாட்கள் யாரிடமும் சொன்னதில்லை. அவரிடம் சொன்னேன். பானை விழுந்ததையும் சொன்னேன். அவர் ஷட்டரை மேலே தூக்கி, துணியால் தூசி துடைத்து, அதை எடுத்துக் கொடுத்தார்.

நான் வந்தபோது மணி மூன்று தாண்டியிருந்தது. பிளம்பர் பழைய எர்த் பிரச்சினையைச் சரிசெய்து, புது ஒயர் இழுத்து வைத்திருந்தார். ஆனால் எங்கள் வீட்டுக்குத் தண்ணீரை நிறுத்தும் வால்வு துருவேறித் திரும்பவில்லை. மாடியில் மெயின் வால்வை மூட வேண்டும், மூடினால் எங்கள் வரிசையில் இருக்கும் எல்லா வீட்டுக்கும் தண்ணீர் நிற்கும். வாட்ச்மேன் முடியாது என்றார். நாளைக்குப் பெருநாள், எல்லா வீட்டிலும் சமையல் நடக்கிறது, என்னைத் திட்டுவார்கள் என்றார். அவரைக் கையைப் பிடித்து மேலே கூட்டிவந்தேன். என் மனைவி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நான் அவள் காலைக் காட்டினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளை அப்படிக் காட்சிப் பொருளாக்கியதற்கு இன்றுவரைக்கும் எனக்கு மன்னிப்பில்லை. வாட்ச்மேன் தலையைக் குனிந்தபடி, "ஏக் கண்டா, பாய். பஸ்," என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனார்.

ஒரு மணி நேரம், அவ்வளவுதான். பழையதைக் கழற்றும்போது உள்ளே மிச்சமிருந்த தண்ணீர் செம்மண் நிறத்தில் எங்கள் இருவர் தலையிலும் கொட்டியது. அதன் கனத்தில் சீலிங்கின் ஒரு பகுதி பெயர்ந்து விழுந்தது. புதியதை நான் கீழிருந்து தோளால் தாங்க, அவர் மேலே போல்ட் முடுக்கினார். என் தோள் தாழ்வதைப் பார்த்து, "நோன்பா பாய்? விட்றாதீங்க, இன்னும் ரெண்டே ரெண்டு," என்றார். கீழே வாசலில் யாரோ தண்ணீர் எங்கே என்று சத்தம் போடுவது கேட்டது. ஒரு மணி நேரம் தாண்டி இன்னும் கால் மணி நேரம் ஆனது. வாட்ச்மேன் அத்தனை திட்டையும் வாங்கிக்கொண்டு வால்வைத் திறக்காமல் வைத்திருந்தார்.

தண்ணீர் வந்ததும் நான் சுவிட்சுக்குப் போனேன். பிளம்பர் தடுத்தார். டேங்க் நிறைந்து, வெந்நீர்க் குழாயில் காற்று வருவது நின்று, தண்ணீர் சீராக வந்த பிறகுதான் போட வேண்டும், இல்லையென்றால் இன்றைக்கே காயில் போய்விடும் என்றார். குழாய் இருமியது, துப்பியது, பிறகு சீரானது. சுவிட்சைப் போட்டோம். பிரேக்கர் விழவில்லை. நோன்பு திறக்க மக்ரிப் பாங்கு சொன்னபோது அவரும் நானும் சீலிங் தூளோடு தரையில் உட்கார்ந்து பேரீச்சம்பழம் சாப்பிட்டோம். அவள் கஞ்சி கொடுக்கச் சொன்னாள். அவர் இரண்டு கிண்ணம் குடித்துவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு முன்னால் கிளம்பினார்.

பெருநாள் காலை அவளைத் தூக்கிக்கொண்டுபோய் ஸ்டூலில் உட்காரவைத்தேன். தண்ணீர் சுட்டது. கைகளை வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். முகத்தில் இறுக்கம் இறங்குவதைப் பார்த்தேன். ஒளு செய்தாள். சட்டைக் கைப் பொத்தானை அவளே போட்டுக்கொண்டாள். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்து, ஈத்காவுக்குப் பெருநாள் தொழுகைக்குப் போய் வந்தேன்.

திரும்பி வந்தபோது அவள் பெட்டியை வெளியே எடுத்து வைத்திருந்தாள்.

"ஹீட்டருக்காகப் போகல," என்றாள். "நீங்க பொய் சொன்னதுக்காகவும் இல்ல மச்சான். அன்னைக்குக் காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் அந்தத் தரையில உக்காந்திருந்தேன். பக்கத்து வீட்டுல டீவி சத்தம் கேக்குது. கூப்புட்டா ஒருத்தருக்கும் கேக்கல. எனக்கு அது திரும்ப வேணாம்."

மூன்று வாரத்தில் கால் ஆறியதும் விமானம் ஏற்றினேன். அவள் திரும்பி வரவில்லை. ஊரில் அவள் அக்கா வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருந்துகொண்டு, மதுரையில் ஒரு டாக்டரிடம் மருந்து மாற்றிச் சாப்பிட்டாள். ஒரு வருடத்துக்குப் பிறகு காலை இறுக்கம் பாதியாகக் குறைந்தது. நான் குடும்ப விசாவை ரத்து செய்துவிட்டு, ஒரு ரூமில் ஐந்து பேரோடு ஒருவனாகப் போய்ச் சேர்ந்தேன். அங்கிருந்து இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு நானும் ஊருக்கு வந்துவிட்டேன்.

அந்த வீட்டைக் காலிசெய்த அன்று, ஹீட்டரைக் கழற்றி எடுத்துப்போக உனக்கு உரிமை இருக்கிறது என்று ரூம் நண்பர்கள் சொன்னார்கள். அடுத்து வருவது யார் என்று வாட்ச்மேனிடம் கேட்டேன். ஒரு சூடான் குடும்பம், சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றார். சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு இறங்கினேன்.