அரைப் போத்தல் கியர் ஒயில்

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக எல்ல என்ற மலையூருக்குப் போயிருந்தேன். ரயில் நிலையத்துக்கு மேலே ஏறும் பாதையில், ஒரு புதுத் தங்கு விடுதிக்கு முன்னால், வெள்ளைக்காரர்களை ஏற்றிச் சுற்றிக் காட்டுவதற்கென்று பச்சைச் சாயம் பூசி மினுக்கிய பழைய ஜீப் ஒன்று நின்றது. அதன் அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. கால்களுக்காக நான் நின்றிருக்க மாட்டேன். வாடைதான் என்னைப் பிடித்து நிறுத்தியது.

கியர் ஒயில் வாடை தெரியுமா உங்களுக்கு? கெட்டுப்போன முட்டையையும் வெடித்து முடிந்த சீன வெடியையும் சேர்த்து அரைத்த மாதிரி இருக்கும். சட்டையில் ஒரு சொட்டுப் பட்டால் மூன்று துவைப்புக்கும் போகாது. நான் பெண் பார்க்கப் போன வீட்டில், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் மெதுவாக, "மாப்பிள்ளைக்கு வயித்துல ஏதும் கோளாறா?" என்று என் சித்தப்பாவிடம் கேட்டார். அந்தச் சம்பந்தம் அத்தோடு சரி.

ஜீப்புக்கு அடியிலிருந்து முப்பது வயது மதிக்கத்தக்க டிரைவர் வெளியே வந்தார். கை முழுக்க ஒயில். நான் நிற்பதைப் பார்த்துவிட்டு, "போன கிழமையும் இப்படித்தான் அங்கிள். லெவல் நட்டைக் கழட்டுனா வழியுது. எவனோ கூட ஊத்தியிருக்கான்" என்றார்.

மழை அப்போதுதான் விட்டிருந்தது. விடுதியின் பின்சுவருக்கு மேலே மலையை வெட்டிய செம்மண் பச்சைப் புண் மாதிரித் தெரிந்தது.

எனக்கு இருபத்திரண்டு வயதிருக்கும்போது பதுளைக் கடைவீதியில் சித்தப்பாவின் மளிகைக் கடையில் இருந்தேன். இருந்தேன் என்றால் இருக்கவில்லை. தராசுக்குப் பின்னால் உட்கார எனக்குப் பொறுமை கிடையாது. "உனக்குக் கால்ல சக்கரம், தலையில களிமண்" என்பார் சித்தப்பா. பாதி சரி. பதுளையிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஏறிப் போகும் ஒரு தோட்டத்தில் டிரைவர் வேலை இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் சக்கரத்தை நம்பிக் கிளம்பிவிட்டேன். தோட்டத்தின் பேரைச் சொல்லாமலே விடுகிறேன். இப்போது சொன்னாலும் காட்டுவதற்கு அங்கே அதிகம் இல்லை.

எனக்குத் தந்த ஜீப் என்னைவிட வயதில் மூத்தது. நான்கு சக்கரமும் இழுக்கும். ஆனால் எந்தச் சக்கரம் எப்போது இழுக்கும் என்பதை அதுதான் முடிவு செய்யும். அதை உயிரோடு வைத்திருந்தவர் பதுளையில் கராஜ் வைத்திருந்த சிரிபால பாஸ். அவருடைய தமிழ் பாதி சிங்களம், மீதி திட்டு. கியர் பெட்டிக்கு எந்த ஒயில் என்பதில் அவர் கோயில் ஐயரை விடக் கண்டிப்பு. கடையில் புதுசாக ஒரு ஒயில் வந்திருந்தது, வாடை இன்னும் காட்டம், டப்பாவில் பெரிய இலக்கம். நான் ஆசையாக அதை வாங்கிக்கொண்டு போனேன். பாஸ் மூடியைத் திறந்து முகர்ந்தார், மூடினார், என் கையிலேயே திருப்பித் தந்தார்.

"நம்பர் கூட இருந்தா நல்லது சொல்லி யார் சொன்னது? இது உள்ள இருக்கிற பித்தளை வளையம் எல்லாம் தின்னும். பழைய வண்டிக்கு பழைய ஒயில். கெழவனுக்கு கஞ்சி தம்பி, புரியாணி இல்ல."

அப்படியானால் இன்னும் தடித்த ஒயில் ஊற்றலாமா, சத்தம் அடங்குமே என்று கேட்டேன். "சத்தம் அடங்கும். காலையில குளிருல கியரும் அடங்கும்" என்றார். தொண்ணூறாம் நம்பர், அதுவும் பழைய வகை. அதோடு பேச்சு முடிந்தது.

அளவு பார்ப்பதற்கு அந்த வண்டியில் குச்சி கிச்சி ஒன்றும் கிடையாது. பெட்டியின் பக்கவாட்டில் ஒரு நட்டு. அதைக் கழற்றி, ஓட்டையில் சின்ன விரலை விட்டுப் பார்க்க வேண்டும். ஓட்டையின் கீழ் விளிம்பு வரைக்கும் ஒயில் நின்றால் சரி. விரலுக்கு எட்டாவிட்டால் குறைவு, வெளியே வழிந்தால் அதிகம். இவ்வளவுதான் சாஸ்திரம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: வண்டி மட்டமான தரையில் நிற்க வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் மட்டமான தரைக்கு எங்கே போவது? அங்கே மனுசன் தூங்குவதே ஒரு காலைச் சுவரில் ஊன்றிக்கொண்டுதான்.

ஒரே ஒரு இடம் இருந்தது. பெரட்டுக் களம். விடியற்காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்துவிடும் முற்றம். எந்தக் காலத்திலோ மலையை வெட்டிச் சமப்படுத்தியது. ஓரத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவம், அதற்கு நேர் கீழே தொழிலாளர் குடும்பங்கள் இருக்கும் பன்னிரண்டு காம்பரா லயம். ஆகவே தோட்டத்து வழக்கம் இது: சனிக்கிழமை பெரட்டு முடிந்ததும் ஜீப்பை மடுவத்துக்குப் பக்கத்தில், நட்டு இருக்கும் பக்கம் பள்ளத்தாக்கைப் பார்க்க நிறுத்தி, ஒரு தேத்தண்ணி குடித்து, ஒயில் இறங்கித் தங்கியதும் அளவு பார்ப்பது. எனக்கு முன்னிருந்த டிரைவரும் அதையேதான் செய்தார். டயர் நின்ற தடம் தரையில் தட்டு மாதிரிப் பதிந்திருந்தது.

அந்த வருசம் ஐப்பசி மழை வழக்கத்துக்கு மேல். ஒரு சனிக்கிழமை நட்டைக் கழற்றினேன், ஒயில் என் மணிக்கட்டில் வழிந்தது. நான் ஒரு சொட்டும் ஊற்றவில்லை. வழிந்து நின்றதும் மூடினேன். அடுத்த சனிக்கிழமையும் வழிந்தது. அதற்கடுத்ததும்.

மடுவத்தில் கொழுந்து நிறுப்பவன் வேலு, என் வயசுக்காரன். லயத்தின் கடைசிக் காம்பராவில் இருந்தான். அவன் வாயில் விழுந்தவன் எழுந்ததில்லை.

"டிரைவரே, உங்க ஜீப்பு முழுகாம இருக்குதா? கிழமைக்குக் கிழமை வயிறு பெருக்குதே. யாரு பொறுப்பு?"

மழைத் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கும் என்று நினைத்தேன். தண்ணீர் கலந்தால் ஒயில் பால் விட்ட தேத்தண்ணி மாதிரி ஆகிவிடும். கரண்டியில் காய்ச்சினால் பொரியும். முதலாம் காம்பரா புஷ்பம் அக்காவின் அடுப்பில் காய்ச்சிப் பார்த்தேன். அக்கா கொழுந்து பறிப்பவர். புருசன் கொழும்பில் கடை வேலை. "அந்த நாத்தத்தை என் அடுப்புல வைக்காதீங்க தம்பி, சாமி கும்புடுற வீடு" என்று சொல்லிக்கொண்டே கரண்டியையும் தந்தார். ஒயில் பொரியவில்லை. தேன் மாதிரித் தெளிவாக இருந்தது. நான் வெளியே வரும்போது அக்கா கதவைக் காலால் உதைத்து மூடினார். "மழைக்கு உப்பிருச்சு. வேலுதான் அடியில சீவிக் குடுத்தான், இன்னும் இடிக்குது."

வேலுவும் சும்மா இருக்கவில்லை. மடுவத்துத் தராசு ஒரு பக்கமாக ஆடுகிறது என்று அதன் காலுக்கு ஆப்பு வைத்திருந்தான். தன் கட்டிலுக்கும் ஒரு சிராய். கேட்டதற்கு, "கல்யாணம் ஆயிருச்சில்ல, கட்டில் ஆடத்தான் செய்யும்" என்று கண்ணடித்தான்.

எல்லாரும் அவரவர் சாமானைச் சரி பண்ணிக்கொண்டிருந்தோம். நானும் ஒவ்வொரு சனிக்கிழமையும் வழிவதை வழியவிட்டு, "இப்ப சரியான அளவு" என்று திருப்தியாக மூடினேன். ஒயிலை வீசியெறிய மனம் வரவில்லை. மளிகைக் கடை ரத்தம். ஒரு சாராயப் போத்தலில் பிடித்து சீட்டுக்கு அடியில் வைத்தேன். ஆறாவது சனிக்கிழமை அரைப் போத்தல் நிறைந்திருந்தது.

அப்புறம் சத்தம் தொடங்கியது. இறக்கத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்டிக்குள்ளிருந்து ஒரு முனகல், காய்ச்சல்காரன் தூக்கத்தில் முனகுவது போல. பிறகு இரண்டாம் கியர் தானாகக் கழன்று விழ ஆரம்பித்தது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பதுளைக்கு இறங்கினேன்.

சிரிபால பாஸின் கராஜ் தரை சிமெந்து. தண்ணீர் ஊற்றினால் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நிற்கும். பாஸ் நட்டைக் கழற்றி விரலை விட்டார். இரண்டாவது கணு வரைக்கும் போயிற்று. காய்ந்த விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"ஒயில் எங்க?"

"கூடிப்போச்சு பாஸ், அதான் எடுத்தேன்."

அதற்குப் பிறகு அவர் சொன்னதை எழுத முடியாது. நான் சீட்டுக்கு அடியிலிருந்து போத்தலை எடுத்து நீட்டினேன். வேண்டா வெறுப்பாக வாங்கி, குழாய் வைத்து உள்ளே ஏற்றினார். கடைசிச் சொட்டு போனதும் ஓட்டையின் விளிம்பில் ஒயில் வந்து நின்றது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. விளிம்பில் பளபளவென்று நின்றது.

பாஸின் திட்டு நின்றுவிட்டது. வெற்றுப் போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"எங்க நிப்பாட்டி பாத்தது?"

"பெரட்டுக் களத்துல. மட்டமான எடம் பாஸ்."

"மட்டமா இருந்த எடம்" என்றார்.

எனக்கு உடனே விளங்கவில்லை. பாதி வழி ஏறிய பிறகுதான், ஒரு வளைவில், கதவும் தராசும் கட்டிலும் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தன. ஒயில் கூடவில்லை; நட்டு இருந்த பக்கம் தரைதான் இறங்கியிருந்தது.

அன்று சாயங்காலம் மடுவத்தில் கொழுந்து நிறுக்கும் நேரம். நாற்பது பேர் நிற்கிறார்கள். களம் சாய்ந்துவிட்டது, மலை நகருகிறது, ஒயில்தான் சாட்சி என்று நான் உளறினேன். வேலு தராசிலிருந்து தலையைத் தூக்கினான்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! ஓட்டத் தெரியல, ஒயில் பாக்கத் தெரியல, மலை சாஞ்சிருச்சாம்! எண்ணெய்ச் சாமியார் வாக்கு சொல்றாரு, எல்லாரும் விழுந்து கும்புடுங்க!"

சிரிப்பு மலைக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது? சிரிக்காதவர் புஷ்பம் அக்கா ஒருவர்தான். கூடையை இறக்கி வைத்துவிட்டு லயத்துக்கு இறங்கினார். நானும் பின்னால் போனேன். கதவைத் திறந்து அதன் அடியைக் காட்டினார். ஒரு முனையில் சீவவே இல்லை. மறு முனையில் இரண்டு விரல் அகலம் சீவியிருந்தது.

"மழையில உப்புனா ஒரே மாதிரிதான தம்பி உப்பும்?"

அன்று இருட்டுவதற்கு முன் அக்கா பாயைச் சுருட்டிக்கொண்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடத்துக்குப் போனார். ஒரு பெண் பாயோடு போனால் மற்றப் பெண்கள் அடுப்போடு போவார்கள். மறுநாள் பன்னிரண்டு காம்பராவும் பூட்டு. வேலுவும் பெண்சாதி பிடித்த பிடியில் வந்தான், வழியெல்லாம் என்னைக் கேலியாகப் பாடிக்கொண்டு.

இரண்டு நாள் மழை. ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் நல்ல வெயில். "மலை காஞ்சிரும். இங்க மூட்டைப்பூச்சிதான் நம்மளைக் கொல்லும்" என்று வேலு காலையிலேயே தனியாக லயத்துக்குத் திரும்பிவிட்டான். பத்து மணிக்கு புஷ்பம் அக்கா என்னிடம் வந்தார். அவருடைய அப்பாவின் பிரஜாவுரிமைக் கடதாசி ட்ரங்குப் பெட்டியிலேயே தங்கிவிட்டதாம்.

"வேணாம்க்கா."

"காம்பரா போனா வேற காம்பரா தருவான். அந்தக் கடதாசி போனா நான் எந்த நாட்டுக்காரின்னு எவன் சொல்லுவான்? அஞ்சு நிமிசம் தம்பி."

ஏற்றிக்கொண்டு போனேன். பழகிய தடத்திலேயே ஜீப்பை நிறுத்தினேன். அக்கா லயத்துக்கு இறங்கினார். வேலு வாசலில் வேட்டி காயப்போட்டுக்கொண்டிருந்தான்; என்னைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டான். பறவைச் சத்தம் ஒன்றும் இல்லை என்பது அப்போது உறைக்கவில்லை. சும்மா நிற்க முடியாமல் குனிந்து நட்டைக் கழற்றினேன்.

சொட்டவில்லை. குழாய் திறந்த மாதிரிக் கொட்டியது.

கத்தினேன். அக்கா பெட்டியைத் தலையில் வைத்து ஓடி வந்தார். நான் ஜீப்பில் ஏறப் போனேன். "அந்தத் தகரத்தை விட்டுட்டு வாங்க!" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "வேலு! வாடா!" என்றேன். அவன் நிமிர்ந்து, எங்கள் ஓட்டத்தைப் பார்த்து, முதல் தடவையாகச் சிரிக்காமல் நின்றான். பிறகு, "இருங்க, அடுப்புல சோறு கெடக்கு" என்று உள்ளே போனான்.

நாங்கள் பக்கத்து மேட்டின் கருங்கல் பாறையை எட்டியபோது களம் அவசரமில்லாமல் கிளம்பியது. உட்கார்ந்திருந்தவர் எழுந்து போவது போல. மடுவம், ஜீப், லயம் எல்லாம் நின்ற நிலையிலேயே சேர்ந்து கொஞ்ச தூரம் இறங்கின. அப்புறம்தான் சத்தம் வந்தது.

சிரிபால பாஸ் இப்போது இல்லை. புஷ்பம் அக்கா அந்தப் பெட்டியோடு மகள் வீட்டில் இருக்கிறார். பார்க்கப் போனால் தேத்தண்ணி தருவார், வேலுவைப் பற்றி இரண்டு பேரும் பேச மாட்டோம். பெரட்டுக் களம் இருந்த இடத்தில் இலுக்குப் புல். கீழே மண்ணுக்குள் எங்கேயோ ஒரு ஜீப், நட்டுத் திறந்தபடி. கூடம் கோணல் என்ற பழமொழியை அந்தப் பக்கத்தில் இப்போது யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

எல்லவில் அந்த டிரைவரிடம் கேட்டேன், "வழிஞ்ச ஒயிலை என்ன பண்ணீங்க?"

"தண்ணி போற காண்ல ஊத்திட்டேன் அங்கிள். ஏன்?"

"வண்டியை எப்பவும் இங்கதான் நிப்பாட்டுவீங்களா?"

"இதுதான இங்க இருக்கிற ஒரே மட்டமான எடம்" என்றார் சிரித்துக்கொண்டு.

நான் விடுதி வராந்தாவைப் பார்த்தேன். வெள்ளைக்காரப் பெண்ணொருத்தி காலை உணவு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய மேசையின் ஒரு காலுக்கு அடியில் அட்டைத் துண்டு ஒன்று செருகியிருந்தது. நான்காக மடித்தது. புது அட்டை.