இடைவேளைக்குப் பின் தூங்கியவர்

என் மாமனாரை வேலை செய்த இடத்தில் ‘ரேடியோ’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருடம் படுக்கை விரிப்பு மடித்தவர். இயந்திர இரைச்சலில் அங்கே யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. அவர் குரல் மட்டும் கேட்கும். மேற்பார்வையாளர் நடப்பதை நடந்து காட்டுவார். மழை வருமா வராதா என்று தீர்ப்புச் சொல்வார். பேப்பரில் வரும் எந்தக் கொலை வழக்கையும் நீதிபதிக்கு முன்பே முடித்துவிடுவார். மனதில் ஒன்றும் இருக்காது, எல்லாம் வாயோடு சரி என்று என் மாமியார் சொல்வார்.

விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். சூடான இஸ்திரி உருளையிலிருந்து வெளியே வரும் துணியை ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து உதறி, எதிரும் புதிருமாக நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு தடவையாவது ஒருவர் முகத்துக்கு நேரே இன்னொருவர் வந்து நிற்பார். மாமாவுக்கு எதிரே ஒன்பது வருடமாக நின்றவர் நாற்பதைத் தாண்டிய ஒரு பெண். தனியாக இருப்பவர். அதிகம் பேசமாட்டார், ஆனால் மாமா சொல்வதற்கெல்லாம் சிரிப்பார். மாதம் ஒரு புதன்கிழமை விடுப்பு எடுப்பார். வெளியூரில் தம்பி இருக்கிறான், பார்க்கப் போகிறேன் என்பார்.

“அக்காவை வந்து ஒரு தடவை எட்டிப் பார்க்க முடியலயா? உன் தம்பி என்ன மந்திரியா?” என்று மாமா கேட்பார். அதற்கும் சிரிப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு மாமாவையும் மாமியையும் நானும் என் மனைவியும் அழைத்துப் போனோம். தூக்குத் தண்டனையைப் பற்றிய படம். சிறுமி ஒருத்தியைக் கொன்றதாக ஒரு லாரி ஓட்டுநரைப் பிடிக்கிறார்கள். இடைவேளை வரை அவன்தான் செய்தான் என்று நாமும் நம்புவோம். அன்று காலை ஐந்து மணி முறை வேலையை முடித்துவிட்டு வந்திருந்த மாமா, இடைவேளை முடிந்து விளக்கு அணைந்ததுமே குறட்டை விட ஆரம்பித்தார். கொன்றவன் வேறொருவன் என்று தெரிந்தபோது அவர் நல்ல தூக்கத்தில் இருந்தார். கடைசியில் அந்த நிரபராதியைத் தூக்கில் போடுகிற சத்தத்தில்தான் விழித்தார். விழித்தவர் கைதட்டினார். அரங்கம் முழுவதும் அழுதுகொண்டிருக்க, அவர் ஒருவர் மட்டும் கைதட்டினார்.

வெளியே ஒரு இணையச் சேனல் பெண் மைக்கை நீட்டி எல்லோரிடமும் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். மாமா தானாகவே போய் நின்றார்.

“படம் எப்படி சார்?”

“பிரமாதம்மா! இந்த மாதிரி ஆளுக்கெல்லாம் எதுக்குக் கேஸு, எதுக்கு வக்கீலு? ஜெயில்ல உட்கார வச்சுச் சோறு போடவா? கயிறு இல்லன்னா எங்கிட்ட கேளுங்க. எங்க சலவைக்கூடத்துல மூட்டை கட்டுற கயிறு எக்கச்சக்கமா கிடக்கு. நானே வந்து இழுக்கறேன். அவன் கூடப் பொறந்தவங்களை வரிசையா நிக்கவச்சு அதைப் பார்க்கச் சொல்லணும்!”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் தூங்கியது எனக்குத் தெரியும். நானும்தான் சிரித்தேன். மறுநாள் அந்த வீடியோத் துண்டு வெளிவந்தபோது, “எல்லாருக்கும் அனுப்பு மாப்ள” என்று மாமா போனை நீட்டினார். அவர் போனில் இருந்த அத்தனை பேருக்கும் நான்தான் அனுப்பினேன்.

மாலைக்குள் கீழே கருத்துகள் குவிந்தன. ‘பெருசு, அவன் நிரபராதிய்யா!’ ‘தாத்தா இடைவேளையிலேயே வீட்டுக்குப் போயிட்டாரு போல.’ என் மனைவி கதையின் பின்பாதியைச் சொன்னபோது மாமா முதலில் நம்பவில்லை. பிறகு காது சிவந்துபோய், “சரி விடு, வாய் தவறிடுச்சு” என்றார். அப்போது அது வெறும் கேலிப்பேச்சாகத்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை வேலையில் நடந்ததை அவர் பல நாள் கழித்துத்தான் எனக்குச் சொன்னார். முதல் விரிப்பை உதறி இருவரும் நடந்து வந்து முனை சேர்த்தார்கள். எதிரே நின்ற பெண் தன் முனைகளை விடவில்லை.

“எந்தக் கயிறுண்ணே?”

“என்னம்மா?”

“கேட்டா தரேன்னு சொன்னீங்களே. எது? அந்த நீலக் கயிறா?” என்று மூட்டைகளைப் பார்த்தார். “என் தம்பி ஆறு வருஷமா அந்தத் தண்டனைக்குத்தான் காத்துட்டு இருக்கான். கூடப் பொறந்தவ நான் ஒருத்திதான். எங்க வந்து நிக்கணும்னு சொல்லுங்க, வந்து நிக்கிறேன்.”

முனைகளை மாமா கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மறுநாளிலிருந்து கிழிசல் தைக்கும் அறைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார்.

மாமா வீட்டில் சாப்பாட்டைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தார். மாமி கேட்டதற்குப் பல்வலி என்றார். ஒரு வாரம் கழித்து என்னிடம் வந்து, “அந்த மைக் பொண்ணைக் கண்டுபிடிப்பா. அதை எடுத்துடச் சொல்லு” என்றார். அந்தப் பெண்ணோ, “அதுதான் சார் எங்களுக்கு நல்லா ஓடுது” என்றாள். நான் கெஞ்சியபிறகு, வேண்டுமானால் இன்னொரு கருத்துச் சொல்லட்டும், போடுகிறேன் என்று இறங்கி வந்தாள். மாமா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போனார். கை கட்டி நின்றார்.

“நான் பாதிப் படம் தூங்கிட்டேன். அவன் நிரபராதின்னு தெரியாம பேசிட்டேன். யார் மனசாவது புண்பட்டிருந்தா மன்னிச்சிடுங்க.”

நூறு பேர்கூட அதைப் பார்க்கவில்லை. பார்த்தவர்களில் மாமாவோடு விரிப்பு மடித்த அந்தப் பெண்ணும் ஒருவர். இரண்டு நாள் கழித்துத் தையல் அறை வாசலில் மாமாவை நிறுத்தினார்.

“நல்லா பேசினீங்கண்ணே. ஆனா என் தம்பி நிரபராதி இல்ல. அவன் செஞ்சான். செஞ்சேன்னு எங்கிட்ட சொன்னான். அப்போ அவனுக்கு நீங்க சொன்னது சரிதானே?”

மன்னிப்புக் கேட்பதாக நினைத்து, மாமா அதே கயிற்றை இன்னொரு முறை நீட்டியிருக்கிறார்.

“எனக்குத் தெரியலம்மா” என்றாராம்.

“எனக்கும் தெரியல. செத்துப் போன ஆளோட அம்மாவை நினைச்சா சோறு இறங்க மாட்டேங்குது. ஆனா புதன்கிழமை நான் போகலன்னா அவனைப் பார்க்க யாருமில்லண்ணே.” சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோக்கப் போய்விட்டார்.

அதோடு பேச்சுவார்த்தை நின்றது. நான்கு மாதம் கழித்து அந்தப் பெண் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்தது. மாமாவும் மாமியும் பார்க்கப் போனார்கள். பழங்களை மேசையில் வைத்துவிட்டு மாமா மூலையில் நின்றார். கிளம்பும்போது, “புதன்கிழமைக்கு நான் போகட்டுமா?” என்று கேட்டார். அந்தப் பெண் கட்டுப்போட்ட காலைப் பார்த்துவிட்டு, சரி என்றார். சிறையிலிருந்து அனுமதிக் கடிதம் கிடைக்க மூன்று வாரம் ஆனது. அழைத்துப் போனவன் நான். உறவு என்று எழுதும் இடத்தில் ‘அக்காவோடு வேலை செய்பவர்’ என்று மாமா எழுதினார்.

கம்பி வலைக்கு அந்தப்பக்கம் வந்தவன் முன்நெற்றி ஏறிய, ஒல்லியான ஆள். மாமாவைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

“ரேடியோ அண்ணன்தானே? அக்கா ஒவ்வொரு தடவையும் நீங்க அடிச்ச ஜோக்கைத்தான் சொல்லும். உங்க மேற்பார்வையாளர் நடக்கிற மாதிரி நடந்துகூடக் காட்டும். சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்கும்ணே. ஏதாவது சொல்லுங்க.”

மாமா வலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் நின்ற எனக்குத் தரையைத் தவிர வேறெங்கும் பார்க்கத் தோன்றவில்லை.

“தம்பி, நான் ஒண்ணு சொல்லணும்” என்று ஆரம்பித்து, தியேட்டர் வாசலில் பேசியதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். கயிற்றையும் சொன்னார், கூடப் பிறந்தவர்களையும் சொன்னார். அவன் சிரிப்பு மெல்ல அடங்கியது. காவலர் நேரம் முடியப்போகிறது என்றார்.

“அக்கா கால் எப்படி இருக்கு?” என்று கேட்டான்.

“கட்டுப் பிரிக்க இன்னும் ஒரு மாசம் ஆகும்.”

“அப்ப அடுத்த மாசப் புதனும் நீங்கதான் வரணும்” என்றான். வா என்று கூப்பிடுகிறானா, வேறு வழியில்லை என்கிறானா என்பது அந்தக் குரலில் தெரியவில்லை.

மாமா அடுத்த மாதமும் போனார். கால் சரியானபிறகு அந்தப் பெண் மடிப்பு மேசைக்கே திரும்பி வந்தார், மாமா ஓய்வு பெறும்வரை இருவரும் சேர்ந்துதான் மடித்தார்கள். தம்பியின் கருணை மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. முதல் துண்டு மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. போன வாரம் பேருந்தில் ஒருவன், “கயிறு தாத்தா!” என்று மாமாவின் தோளைத் தட்டிச் சிரித்தான். மாமா தலையைக் குனிந்துகொண்டு அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கினார். வீட்டுக்கு இன்னும் நான்கு நிறுத்தம் இருந்தது. நானும் இறங்கி அவரோடு நடந்தேன்.