நாலாயிரத்தைத் தாண்டக் கூடாத முள்

கார் எலக்ட்ரீஷியன் தொழிலில் கை நடுங்கினால் வேலை கெட்டுப்போகும், நடுங்காவிட்டால் வண்டி எரிந்துபோகும். ஓடுகிற வண்டியில் ஏதோ ஒரு சிவப்பு விளக்கு எரிந்தாலே வண்டியை ஓரங்கட்டுகிறவரா நீங்கள்? அப்படியானால் நீங்களும் நம்ம ஆள்தான். எண்பதுகளில் பெரம்பலூரில் எனக்கு ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அங்கே ஒரே ஒரு காரால் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

செத்துக் கிடந்த முள்

ஜமால் பாய் லப்பைக்குடிக்காட்டுக்காரர். துபாயிலிருந்து திரும்பியதும் மெட்ராஸில் யாரோ விற்ற வெளிநாட்டுக் கார் ஒன்றை வாங்கினார். ஆடம்பரத்துக்கு இல்லை. முதல் பிரசவத்தின்போது அவர் மனைவியைத் திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நேரத்துக்கு வண்டி கிடைக்கவில்லை, குழந்தை தங்கவில்லை. இப்போது மறுபடி நிறைமாதம். வலி கண்டதும் கிளம்பிவிட வேண்டும் என்றுதான் அந்தக் கார். அது வந்த கொஞ்ச நாளிலேயே அதன் பெட்ரோல் எஞ்சினில் விரிசல் விட்டுவிட்டது. அதற்கு ஸ்பேர் எங்கேயும் கிடைக்கவில்லை.

என் பக்கத்து ஷெட் மெக்கானிக் கணேசண்ணன் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒரு பழைய வேனின் டீசல் எஞ்சினை உள்ளே இறக்கினார். வண்டி ஓடியது. ஆனால் எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று காட்டும் ஆர்.பி.எம். மீட்டரில் முள் பூஜ்யத்திலேயே படுத்துவிட்டது. பெட்ரோல் எஞ்சினின் ஸ்பார்க்கை எண்ணிப் பழகிய மீட்டர் அது. டீசலில் ஸ்பார்க்கே கிடையாது, அது எதை எண்ணும்? மீட்டர் இல்லாமலே பாய் ஓட்டியிருப்பார், சாவியைக் கொடுக்கும்போது கணேசண்ணன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால். அவர் சொன்னது இது: "நாலாயிரத்துக்கு மேல மட்டும் சுத்த வுட்டுறாதீங்க பாய், கனெக்டிங் ராடு எஞ்சினைப் பொத்துக்கிட்டு வெளிய வந்துரும்."

நின்ற இடத்திலேயே ஆறாயிரம்

காரை ஊருக்கு ஓட்டிப்போன பாய் மறுநாள் என் கொட்டகைக்கு வந்து சேர்ந்தபோது சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. வழியில் மாட்டு வண்டிகள் அவரை முந்தியிருக்கும். டேஷ்போர்டைக் கழற்றும்போது எனக்கும் பயம்தான். மீட்டர் எரிந்துபோனால் மாற்றுக்கு எங்கே போவது? பேட்டரியைச் சார்ஜ் பண்ணும் ஆல்டர்னேட்டரும் எஞ்சினோடு சேர்ந்துதானே சுற்றுகிறது என்று அதிலிருந்து ஒரு வயரை இழுத்து மீட்டருக்குக் கொடுத்து, ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன்.

ஆக்சிலேட்டரில் கால் வைக்கவில்லை. முள் விருட்டென்று ஆறாயிரத்தில் போய் நின்றது. "யா அல்லாஹ்" என்று பாய் கதவைத் திறந்து குதித்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஓடினார். அவர் ஓடுவதைப் பார்த்து நானும் ஓடினேன். ஒரு சுற்றுக்கு இரண்டு ஸ்பார்க் வரவேண்டிய இடத்தில் ஆல்டர்னேட்டர் அதைப்போலப் பல மடங்கு துடிப்பை அனுப்பும் என்பது எனக்குத் தெரியாததில்லை. பயம் வந்தால் படித்ததெல்லாம் எங்கே நிற்கிறது? கணேசண்ணன் டீ கிளாஸைக் கீழே வைக்காமலே வந்து எஞ்சினை அணைத்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார்: "எஞ்சின் அது பாட்டுக்கு இருந்துச்சு. நாலாயிரத்தைத் தாண்டுனது நீங்க ரெண்டு பேருந்தான்."

மீட்டரை ஏமாற்றிய கதை

ஒரு சுற்றுக்கு இரண்டு ஸ்பார்க் என்று மீட்டரை நம்பவைத்துவிட்டால் போதும். பழைய எஞ்சினில் ஸ்பார்க்குக்காகத் திறந்து மூடிக்கொண்டிருந்த பிளாட்டின பாயிண்டைக் கழற்றி புதிய எஞ்சினின் புல்லிக்குப் பக்கத்தில் பொருத்தினேன். புல்லியின் ஓரத்தில் எதிரெதிராக இரண்டு மேடு வைத்து வெல்டு அடித்துக் கொடுத்தார் கணேசண்ணன். புல்லி ஒரு சுற்று வந்தால் பாயிண்ட் இரண்டு தடவை திறந்து மூடும். மீட்டருக்குத் துடிப்பை அனுப்ப, பழைய இக்னிஷன் காயிலுக்குப் பதிலாக ஒரு ஹாரன் ரிலேயைப் போட்டுச் சமாளித்தேன்.

எஞ்சின் ஓட ஓடத்தான் பாயிண்டைச் சரிபார்க்க முடியும். ஃபேன் இறக்கை என் விரலுக்குப் பக்கத்திலேயே சுற்றியது. சிறுவாச்சூர் மதுரகாளியை வேண்டிக்கொண்டு கையை உள்ளே விட்டேன். முள் கொஞ்சம் ஆடி எண்ணூறில் நின்றது. ஆக்சிலேட்டரை மிதித்தால் ஏறியது, விட்டால் இறங்கியது. சாதாரண வேகத்தில் இந்த எஞ்சின் நாலாயிரத்தை எட்டிக்கூடப் பார்க்காது, சத்தத்தைக் கேட்டே ஓட்டலாம் என்று நானும் கணேசண்ணனும் மாற்றி மாற்றிச் சொன்னோம். பாய் கையெடுத்துக் கும்பிட்டார்: "ஒங்க ரெண்டு பேரு பேச்சும் போதும்பா. இனிமே நான் முள்ளு சொன்னாத்தான் நம்புவேன்."

பாடாலூர் போகும் வழியில்

அடுத்த வாரம் ஒரு காலையில் அந்தக் கார் என் கொட்டகை வாசலில் வந்து நின்றது. பின் சீட்டில் அவர் மனைவி மும்தாஜ் பல்லைக் கடித்துக்கொண்டு சாய்ந்திருந்தார், பக்கத்தில் அவருடைய அம்மா. "ஏறு செல்வராசு, முள்ளுக்கு ஏதாச்சும் ஆனா நான் என்ன பண்ணுவேன்?" என்றார் பாய். அந்த முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஏறிவிட்டேன். முதல் குழந்தையின் ஞாபகம் எங்கள் எல்லாருடனும் அந்தக் காரில் உட்கார்ந்திருந்தது.

பாய் ரோட்டைப் பார்த்ததைவிட முள்ளைப் பார்த்ததுதான் அதிகம். நானும் அதையேதான் பார்த்தேன். பாடாலூருக்குள் நுழையும்போது ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டது. முள் பொத்தென்று பூஜ்யத்தில் விழுந்தது. "நின்னுருச்சு, எஞ்சின் நின்னுருச்சு" என்று பாய் அலறினார். நானும் முள்ளைப் பார்த்துவிட்டு, "ஆமா பாய், நின்னுருச்சு" என்றேன். ரிலேயிலிருந்து ஒரு வயர் கழன்றிருக்கிறது, அவ்வளவுதான். எஞ்சின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்த சத்தம் எங்கள் ரெண்டு பேர் காதிலும் விழவில்லை. பின்னாலிருந்து மும்தாஜ்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "எஞ்சின் நின்னுருச்சுன்னா புளியமரமெல்லாம் எப்புடிங்க பின்னால போவுது? பேசாம ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."

முள் பூஜ்யத்தில் கிடந்தபடியே திருச்சி போய்ச் சேர்ந்தோம், பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. அன்று அந்தக் காரில் பயப்படாமல் வந்தது பிரசவ வலியில் இருந்த அந்த ஒருத்தி மட்டும்தான்.