ஃபிளெக்ஸுக்கு அடியில் கருப்பட்டி

மாலத்தீவுக்குத் தோணியில் கருப்பட்டி அனுப்ப ஜிஎஸ்டி பதிவுக்கு விண்ணப்பித்தேன். வீட்டையே கம்பெனி என்று காட்டியிருந்ததால், கம்பெனி பெயர் போட்டு ஒரு ஃபிளெக்ஸ் அடித்து வாசலில் கட்டினேன். திடீரென்று மழை பிடித்ததும் அதையே அவிழ்த்து முற்றத்து மூட்டைகள்மேல் போர்த்தினேன். அந்நேரம் பார்த்து ஆய்வுக்கு அதிகாரி குடையோடு வந்தார்.

“போர்டு எங்க?”

“அங்கன மூட்டை மேல கெடக்கு சார். சரக்கு நனையும்லா?”

“நான் சரக்கையா பாக்க வந்தேன்? போர்டை மாட்டுங்க, போட்டோ எடுக்கணும்.”

நானும் ஒரு மடையன், மாட்டினேன். அந்த மகராசன் குடைக்குள் நின்று நாலு கோணத்தில் நிதானமாகப் படமெடுத்தார். பக்கத்தில் கருப்பட்டி கரைந்து ஓடியது. அது படத்தில் விழாமல் பார்த்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் நம்பர் வந்துவிட்டது. அதற்குள் கரைந்தது போக மிஞ்சிய கருப்பட்டியை எறும்புகள் எந்தப் பதிவும் இல்லாமல் ஏற்றுமதி செய்து முடித்திருந்தன.