நேர்த்திக்காசு

எழுபதுகளில் மெல்பேர்ணில் வெள்ளிக்கிழமைதோறும் வங்கியில் ஐம்பது சதக் காசுச் சுருள்கள் வாங்கிவந்து குசினி மேசையில் பிரித்துத் தேடுவேன். பன்னிரண்டு மூலைக் காசுகளுக்குள் எப்போதாவது பழைய வட்டக் காசு ஒன்று அகப்படும். அது வெள்ளி; ஐம்பது சதத்தை விடக் கூட விலை போகும்.

மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது மனைவி அதிலொன்றைக் கேட்டு வாங்கி, நேர்ந்து, மஞ்சள் துணியில் முடிந்து சாமிப்படத்தடியில் வைத்தாள். வெள்ளிக் காசு வாங்கும் வியாபாரி இருபதாகத்தான் வாங்குவான். என்னிடம் பத்தொன்பது இருந்தது. முடிச்சை அவிழ்த்து வெள்ளியை எடுத்துக்கொண்டு மூலைக் காசை வைத்துக் கட்டினேன்.

மகள் சுகமானாள். ஊருக்குப் போகிறவரிடம் கோயிலுக்குக் கொடுத்துவிட முடிச்சை எடுத்த மனைவியின் விரல் அதன் மூலைகளில் நின்றது.

"இது நான் முடிஞ்ச காசில்லை."

"ஓம்" என்றேன்.

அவள் சண்டை பிடிக்கவில்லை. வெள்ளி விற்ற காசு எதற்குப் போனதென்று எனக்கு ஞாபகமில்லை. இப்போதும் நேர்த்தி வைத்தால், அந்த முடிச்சைப் பக்கத்து வீட்டு இத்தாலிக்காரியிடம்தான் கொடுத்துவைக்கிறாள்.