ஏழு பாட்டுக்கு ஒரு சாம்பிள்

ஆறு வருடம் கழித்து எங்கள் ராக் பேண்டு மறுபடி ஒரு ஆல்பம் செய்ய உட்கார்ந்தபோது எங்களிடம் இருந்தவை: என் டிரம் செட், அதில் ஒரு சிம்பலில் விரிசல்; அவனுடைய கிட்டார்; நான்கு மைக்; ஒரு பழைய லேப்டாப்; போடியில் அவன் அப்பாவின் ஏலக்காய் குடோன், அதுவும் ஞாயிற்றுக்கிழமை மட்டும். பாடுகிறவளை இந்தப் பட்டியலில் சேர்க்கலாமா என்பது முதல் மூன்று ஞாயிறுகள்வரை எங்களுக்கே தெரியாது.

மூன்று பேரும் ஒரே பொறியியல் கல்லூரி. மலையில் ஏலக்காயைக் காய வைக்கும் ஸ்டோர்களில் கண்ட்ரோல் பேனல் பழுதுபார்ப்பது இப்போது என் வேலை. கிட்டார் வாசிப்பவன், அத்தா என்று அவன் கூப்பிடும் அப்பாவோடு வியாபாரத்தில் இருக்கிறான். குரங்கணிக்கு மேலே அவர்களுக்குச் சின்னத் தோட்டமும் உண்டு. பாடுகிறவள் தேவாரத்தில் டீச்சர். கல்லூரி முடித்த வருடம் ஒரு ஆல்பம் போட்டோம். அதில் ஒரே ஒரு பாட்டு ஊரைத் தாண்டிப் போனது. உச்சத்தில் அவள் இழுத்துப் பாடும் ஒரு வரிக்காகத்தான் போனது. அந்த வருடக் கடைசியிலேயே அவள் தொண்டையில் சின்னக் கட்டி. அறுவை சிகிச்சை முடிந்ததும் ஒரு வருடம் பாடக் கூடாது என்றார்கள். அந்த ஒரு வருடம் ஆறாகிவிட்டது. திரும்பி வந்த குரல் இரண்டு கட்டை கீழே இறங்கியிருந்தது. ஓரத்தில் கொஞ்சம் சொரசொரப்பும் இருந்தது.

"இது யாரு குரலுன்னே தெரியலடி" என்றாள், குடோனில் முதல்முறை மைக்கில் பேசிப் பார்த்துவிட்டு.

"நம்ம ஊருக்கு நின்னு போன மதுர ரயிலே அத்தன வருசம் கழிச்சுத் திரும்பி வந்துருச்சு. ஒன் தொண்ட வராதாக்கும்" என்றான் அவன்.

"ரயிலுக்குத் தண்டவாளத்தையே மாத்திப் போட்டாங்கடா."

"நாமளும் மாத்திப் போடுவோம். பாட்டு என்ன, நாமதான எழுதுறோம்."

அப்படியே செய்தோம். ஏழு பாட்டு, ஏழும் புதுசு, ஏழும் அவளுடைய இப்போதைய குரலுக்கென்று எழுதியவை. பழைய பாட்டு இதில் கிடையாது என்று என் நோட்டின் முதல் வரியில் எழுதி, மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம்.

குடோனில் ஏலக்காய் மூட்டைகள் சுவரோரம் ஆளுயரத்துக்கு மேல் அடுக்கியிருந்தால் அவை சத்தத்தை விழுங்கிவிடும். முதல் நான்கு பாட்டை அப்படித்தான் பதிவு செய்தோம். ஐந்தாவதுக்கு வந்தபோது சரக்கு விற்று மூட்டைகள் போய்விட்டன. அறையும் மைக்கும் அதேதான். ஆனால் ஒரு அடி அடித்தால் நாலு சுவரும் திருப்பி அடித்தன. அடுத்த சரக்கு வரும்வரை பொறுக்கலாமா என்று கேட்டேன்.

"சரக்கு வந்தா எனக்குச் சோலி வந்துரும். அடி" என்றான். அடித்தேன்.

எல்லாம் முடிந்ததும், சென்னையில் ஒரு மியூசிக் கம்பெனி கேட்டுப் பார்க்கிறோம், சாம்பிள் அனுப்புங்கள் என்றது. அனுப்பும் பொறுப்பை அவன் எடுத்துக்கொண்டான்.

ஏலத்துக்குப் போகும் சரக்கில் சாம்பிள் எடுக்க அவன் வீட்டில் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஒரு மூட்டையை மட்டும் பிரித்து அள்ளுவதில்லை. எல்லா மூட்டையிலும் மேலே, நடுவே, அடியிலே என்று எடுத்து, ஒன்றாகக் கலந்து, அதிலிருந்துதான் பொட்டலம் போடுவார்கள். நல்ல காயாகப் பொறுக்கிக் காட்டுவது அவர்கள் கணக்கில் பித்தலாட்டம். அவன் சிறு வயதிலிருந்து பார்த்து வந்ததைச் செய்தான். ஏழு பாட்டிலும் ஆரம்பத்தில் கொஞ்சம், நடுவில் கொஞ்சம், முடிவில் கொஞ்சம் வெட்டி எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, ஐந்து நிமிடத்துக்கு ஒரே ஃபைலாக அனுப்பிவிட்டான். எங்களிடம் கேட்கக்கூட இல்லை. இதில் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்திருக்கிறான்.

கம்பெனிக்காரர் குடோனுக்குப் போன் செய்தபோது நானும் அங்கே இருந்தேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குதே தம்பி. இருபது தடவையாவது மாறுது."

"சார், அது பாட்டு இல்ல. சாம்பிளு."

"சரி, முழுப் பாட்ட அனுப்புங்க."

"முழுசுலருந்து எடுத்ததுதான் சார் அது. ஏழு பாட்டு."

ஏழையும் தனித்தனியாக அனுப்பச் சொன்னார் அவர். அவன் அத்தா மூலையில் உட்கார்ந்து பொட்டலங்களில் எண் எழுதிக்கொண்டிருந்தார். போன் வைத்ததும் நிமிர்ந்தார். "நீ சரியாத்தானப்பு எடுத்துருக்க. அந்தாளுக்குப் பாக்கத் தெரியல" என்று சொல்லிவிட்டு மறுபடி எழுதப் போய்விட்டார்.

ஏழு பாட்டையும் தனித்தனியாக அனுப்பினோம். பதில் வந்த அன்று நான் குரங்கணிக்கு மேலே ஒரு ஸ்டோரில் பேனலைக் கழற்றிப் போட்டிருந்தேன். கீழே வரும் ஜீப்பில்தான் சிக்னல் கிடைத்தது. ஆல்பத்தை எடுத்துக்கொள்கிறார்களாம். மூன்று நிபந்தனை. ஒன்று, ஊரைத் தாண்டிப் போன அந்தப் பழைய பாட்டு முதலில் வர வேண்டும், பழைய சுருதியில். குரலைக் கம்ப்யூட்டரில் அந்த உயரத்துக்கு ஏற்றிக்கொள்ளலாம். இரண்டு, டிரம்ஸ் முழுவதையும் மெஷினில் மறுபடி போட வேண்டும்; வேகம் சீராக இல்லை. மூன்று, இரண்டு வெவ்வேறு ஸ்டுடியோவில் பதிவு செய்தது போலிருக்கிறது, அதைச் சரிசெய்ய வேண்டும்.

மூன்றாவதற்கு மட்டும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் அளந்து பார்த்தேன். அவர்கள் சொன்னது உண்மை. ஏழில் ஐந்து பாட்டில், பல்லவி இரண்டாம் முறை வரும் இடத்தில் என் வேகம் கூடுகிறது. நோட்டை எடுத்து நடுவில் கோடு போட்டேன். ஒப்புக்கொள்ளலாம் என்ற பக்கத்தில் எழுதியவை: நிறையப் பேர் கேட்பார்கள், அவள் ஆறு வருடம் வாய் மூடிக் கிடந்தவள், அவன் தன் ஞாயிறுகளை எல்லாம் இதற்கே கொடுத்தான், என் டிரம்ஸ் இல்லாததால் பாட்டு செத்துவிடாது. கூடாது என்ற பக்கத்தில் ஒரே வரி: அது நான் அடித்தது. அதை ஒரு காரணம் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது.

அடுத்த ஞாயிறுக்குள் மூன்றாவது பாட்டுக்கு மெஷின் டிரம்ஸை நானே தயார் செய்தேன். வேண்டுமென்றே கெடுத்தாள் என்று பின்னால் யாரும் சொல்லக் கூடாதென்று நன்றாகவே செய்தேன். அவள் ஹெட்போனை மாட்டிப் பாடினாள். முதல் பல்லவி சுத்தமாக வந்தது. இரண்டாவதில் நீளமான ஒரு வரியின் கடைசிச் சொல் பாதியில் உடைந்தது. மறுபடி பாடினாள். மறுபடி அதே இடம். மூன்றாம் தடவை பாடாமலே ஹெட்போனைக் கழற்றிவிட்டாள்.

"அந்த எடத்துல எனக்கு மூச்சு பத்தாதுடி. ஆபரேசனுக்கு அப்பறம் அப்படித்தான். அதான் வெரசா முடிச்சுருவேன். நீ கூடவே ஓடி வருவ. இது வர மாட்டேங்குது."

நான் அப்படி ஓடுவது எனக்குத் தெரியாது. அவள் மூச்சு எனக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது, கை அதன்படி போயிருக்கிறது. நோட்டில் நான் எழுதிய ஒற்றை வரிக்கு அப்போதுதான் அர்த்தம் வந்தது.

"அந்தச் சொல்ல மட்டும் கம்ப்யூட்டர்ல ஒட்டிக்கலாம்" என்றான் அவன், யாரையும் பார்க்காமல். "பழைய பாட்டையும் ஏத்திவிட்டா..."

"ஏத்திவிட்டா அது யாரு குரலு? நாளைக்கு மேடையில ஒன் லேப்டாப்பு ஏறிப் பாடுமா?" என்றாள் அவள்.

அவன் கிட்டாரின் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தான். அவள் தண்ணீர் குடித்துவிட்டு நிதானமாகக் கேட்டாள்: "ஏலத்துல வந்த வெல பிடிக்கலன்னா ஒங்க அத்தா என்னடா செய்வாரு?"

"லாட்டையே ஏலத்துலருந்து திரும்ப எடுத்துருவாரு."

"வெக்கப்படுவாரா?"

"எதுக்கு? அவரு சரக்கு. அடுத்த ஏலத்துல வப்பாரு, இல்ல வீட்டுல வப்பாரு."

"அப்ப எடு."

அவன் என்னைப் பார்த்தான். நான் ஏற்கெனவே லேப்டாப்பைத் திறந்திருந்தேன். நான் எழுதிய பதில் மூன்று வரிதான். உங்கள் நிபந்தனைகளைப் படித்தோம். மூன்றையும் ஏற்கவில்லை. ஆல்பத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம். நன்றி போடலாமா என்று அவன் கேட்டான். அதையும் போட்டேன்.

அந்த வாரமே நாங்களே இணையத்தில் வெளியிட்டோம். ஏழு பாட்டும் குடோனில் எப்படிப் பதிவானதோ அப்படியே: நான்கு பாட்டு மூட்டைகளோடு, மூன்று பாட்டு மூட்டைகள் இல்லாமல். அவற்றுக்கு முன்னால், கம்பெனிக்காரர் ஒரே பாட்டு என்று நினைத்த அந்த ஐந்து நிமிடத்தை வைத்தோம். அதற்குப் பெயர் 'சாம்பிள்'. பழைய பாட்டு எங்கே, பழைய குரல் எங்கே என்று கமெண்டில் வரிசையாகக் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் அவளே பதில் போட்டாள்: "இப்ப இதுதான் குரல்." டீச்சர் கையெழுத்துப் போடுவது போல, ஒரு எழுத்து மாறாமல்.

திங்கட்கிழமை காலை மைக்குகளை எடுத்துப் போகக் குடோனுக்குப் போனேன். காய் பொறுக்கும் பெண்கள் தட்டுகளோடு உட்கார்ந்திருந்தார்கள். அவன் மூலையில் ஸ்பீக்கரை வைத்து ஆல்பத்தை ஓடவிட்டிருந்தான். மூன்றாவது பாட்டு முடிந்ததும், வாசலோரம் இருந்த அக்கா வெடித்த காய்களை ஒதுக்கியபடியே என்னைக் கூப்பிட்டார்.

"இந்தப் பாட்டு நடுவுல ஓட்டமெடுக்குதே ஆத்தா. கொட்டடிக்கிறது நீதான?"

"நாந்தேன்க்கா. அது தப்புன்னு கம்பெனியில சொன்னாங்க."

"அவுகளுக்கு என்ன சோலி" என்றார். கை நிற்கவில்லை. "அது பாட்டுக்கு ஓடட்டும். மறுக்கா போடச் சொல்லு."