கயிற்றை அவிழ்க்கக் கூடாது

சிக்கல் ஊரில் முருகலட்சுமிக்கு வாய் நீளம் என்று பெயர். எடையில் கை வைக்கிற மிளகாய் வியாபாரியை அந்த இடத்திலேயே கிழித்துவிடுவாள். புருஷன் செல்லச்சாமியிடம் மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போவாள். அதுவும் போன வாரத்தோடு தீர்ந்தது.

காரணம் அவளுடைய வேப்பமர அலமாரி. திருவாடானையில் அவளுடைய அய்யா, வரப்பில் நின்ற மரத்தை வெட்டிக் கல்யாணச் சீராகச் செய்துகொடுத்தது. சுவரை அடைத்துக்கொண்டு நிற்கும். விலை ஏறட்டும் என்று விற்காமல் வைத்திருந்த மிளகாய் வத்தல் மூட்டைகளை, மழையில் தரை ஓதம் அடிக்கிறதென்று செல்லச்சாமி அதன் தலையில் ஏற்றினார். வத்தல் ஈரத்தைக் குடிக்கக் குடிக்க மூட்டை கனத்தது. மேல் மூலைகள் இரண்டும் வாயைப் பிளந்தன. கதவு சாத்த முடியவில்லை. அதோடு விட்டாரா மனுஷன்? டீக்கடையில் போய், "எம் மாமனார் குடுத்த சீரு இம்புட்டுத்தான்யா. சும்மா நின்னதே ஒடஞ்சுபோச்சு" என்று சிரித்துவிட்டு வந்தார். செத்துப்போன அய்யாவை இப்படிச் சொன்னதைப் பக்கத்து வீட்டு முனியசாமி வந்து சொன்னபோது அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஆசாரிக்கு அவள் காத்திருக்கவில்லை. மூட்டைகளை இறக்கி, துணிமணியை வெளியே அள்ளிப்போட்டாள். மூலைகளைத் துணி வைத்துத் தட்டித் தளர்த்தி, பொருத்தில் காய்ந்து கிடந்த பழைய பசையைக் கத்தியால் சுரண்டினாள். உள்ளே மரம் கல்லு மாதிரி இருந்தது. அதைப் பார்த்ததும் கோபம் இன்னும் ஏறியது. ஃபெவிகால் தடவி அழுத்தி, மூலைகளில் சாக்குத் துண்டு வைத்து, வத்தல் பாரம் கட்டுகிற கயிற்றால் அலமாரியைச் சுற்றிக் கட்டினாள். கயிற்றுக்குள் ஒரு கம்பைச் செருகி முறுக்க முறுக்க, இடைவெளி மூடிப் பசை பிதுங்கி வந்தது. மூலைக்கு மூலை நூல் பிடித்து, கோணல் இல்லை என்று தெரிந்த பிறகே கம்பைக் கட்டி நிறுத்தினாள். மறுநாள்வரை அதைத் தொடக் கூடாது.

மதியம் வத்தல் ஏற்றிக் கமுதிக்குப் போகிற வண்டி வாசலில் வந்து நின்றது. செல்லச்சாமி நேராக வந்து கம்பில் கை வைத்தார்.

"கைய எடுங்க."

"பாரம் கட்டக் கயிறு வேணும். வெலை ஏறியிருக்கு, இன்னைக்கு விட்டாப் போச்சு. அலமாரிய நாளைக்கு ஒட்டிக்கலாம்."

"இப்ப அவுத்தா அப்புறம் சேராது. முனியசாமி அண்ணன் வீட்ல கயிறு கெடக்கு, போய்க் கேளுங்க."

"நம்ம கயிறு என்னாச்சுன்னு கேப்பானே?"

"கேக்கட்டும். மூட்டைய ஏத்தி நாந்தான் ஒடச்சேன், எம் பொண்டாட்டி கட்டி வச்சிருக்கான்னு சொல்லுங்க. எங்கய்யாவப் பேசுன வாயாலேயே சொல்லுங்க."

டிரைவர் ஹார்ன் அடித்தான். அவள் கம்பை விட்டு நகரவில்லை. செல்லச்சாமி முணுமுணுத்துக்கொண்டே போய் முனியசாமி வீட்டு வேலியருகே நின்றார். கயிற்றைத் தூக்கிக்கொண்டு வந்த முனியசாமி அதையேதான் கேட்டார். செல்லச்சாமி தொண்டைக்குள்ளேயே ஏதோ சொன்னார்.

முருகலட்சுமி வாசலுக்கு வந்தாள்.

"இங்கன ஒண்ணும் கேக்கல. டீக்கடையில பேசுன மாதிரி சத்தமாச் சொல்லுங்க."